செவந்தி சொன்ன பத்தாவது ஓஸ்

12.02.2023. சண்டை 10. நின்றது 6.
11.02.2024. சண்டை 10. நின்றது 8.
19.01.2025. சண்டை 10. நின்றது 10. முடிவு: நிறுத்திவைப்பு.

மூன்று வரியும் ஒருவரைப் பற்றியவை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஷெட்டில் வேலை பார்க்கும் செவந்தி, கறுப்பு பெல்ட்டுக்காக மூன்று முறை தேர்வுக்கு வந்த கணக்கு இது. பத்துப் பேருடன், ஆளுக்கு ஒன்றரை நிமிடம், இடையில் ஓய்வில்லாமல் மோத வேண்டும். ஜெயிக்க வேண்டியதில்லை. கடைசி மணி அடிக்கும்போது காலில் நின்றால் போதும். மூன்று தேர்விலும் மணியும் ஸ்டாப்வாட்சும் குறிப்பேடும் என் மேசையில் இருந்தன.

செவந்தி பிறந்தது 14.03.1985. 2017 ஜூன் மாதம் மகள் கலைமதியைக் கராத்தே வகுப்பில் சேர்க்க வந்தார். பழைய அரிசி ஆலையின் காலிக் கிடங்கில்தான் வகுப்பு. மகள் மூன்றாம் மாதமே வேண்டாம் என்று விட்டுவிட்டாள். துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த தாய் பெயர் கொடுத்துவிட்டார்.

அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுக்கொடுப்பது ஒரு வணக்கம். இரண்டு முஷ்டிகளையும் மார்புக்கு முன் குறுக்காக வைத்து, பக்கவாட்டில் கீழே இழுத்து, இடுப்பை வளைத்து, அடிவயிற்றிலிருந்து "ஓஸ்" என்று சொல்ல வேண்டும். கூடத்துக்குள் நுழையும்போது, வெளியேறும்போது, மாஸ்டர் ஒன்று சொன்னால் பதிலாக, எதிராளியைத் தொடும் முன், தொட்ட பின். எல்லாக் கராத்தேப் பள்ளிகளிலும் இந்த வழக்கம் இல்லை. இங்கே உண்டு.

"ஆளே இல்லாத கெடங்குக்குமா மாஸ்டர் வணக்கம் சொல்லணும்?" என்று முதல் நாளே கேட்டார் செவந்தி.

மாஸ்டர் பிராங்க்ளின் அவரைவிட நான்கு வயது இளையவர். "ஆமாக்கா. உள்ள வாரப்ப ஒன்னு, போறப்ப ஒன்னு."

"வாசக்கதவு பதில் சொல்லுமா?"

"நீங்க சொல்லிக்கிட்டே வாங்கக்கா. ஒரு நாளைக்குச் சொல்லும்."

அந்தச் சொல்லுக்குப் பொருளும் அவர் சொன்னார். ஜப்பானிய மொழியில் தள்ளு, தாங்கு என்ற இரண்டு சொற்களின் சுருக்கம் என்பார்கள். வேறு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. செவந்தி முதல் விளக்கத்தையே எடுத்துக்கொண்டார். "அப்ப எங்க ஷெட்டுல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஓஸ் தான் மாஸ்டர்" என்றார்.

ஷெட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து கொட்டை உடைப்பவர் காத்தாயி. கேலிக்குக் குறைவில்லை. "ஏண்டி, கொட்ட எண்ணெ பட்டு வெரலெல்லாம் வெந்து கெடக்கு. இதுல ஞாயித்துக்கிழம போயி காசு குடுத்து வேற ஒத வாங்குறியா?"

"சும்மா வாங்கல. வணக்கம் சொல்லிட்டு வாங்குறேன்."

இப்படிச் சிரித்த காத்தாயிதான் 2024 கடைசியில் தானும் சேர்ந்து பதினோரு பெண்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். எல்லாருக்கும் செவந்திதான் சொல்லித்தர வேண்டுமாம். வேறு யாரிடமும் வரமாட்டார்களாம். ஆனால் வகுப்பெடுக்கக் கறுப்பு பெல்ட் வேண்டும். நாற்பது வயது முடிந்தவர்களைக் கராத்தே சங்கம் பத்துச் சண்டைக்கு விடுவதில்லை. ஆகவே 19.01.2025 அவருக்குக் கடைசி வாய்ப்பு.

புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தேர்வு. பதினோரு பெண்களும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். ஆறாவது சண்டை தாண்டியதும் மண்டபமே எழுந்தது. எட்டாவது தாண்டியபோது என் பேனா தாளைக் கிழித்தது. ஒன்பதாவதில் இடது தொடை மரத்துப்போய், செவந்தி காலை இழுத்து இழுத்து நடந்தார். ஒன்பது முறையும் தொடங்கும் முன் ஓஸ், முடிந்த பின் ஓஸ்.

பத்தாவது எதிராளி மணமேல்குடி ஷர்லி. வயது இருபத்திரண்டு, கல்லூரி மாணவி, அன்று வந்தவர்களில் மிக வேகமானவள். ஐம்பத்திரண்டாவது வினாடியில் செவந்தியின் வலது முஷ்டி அவள் விலாவுக்குக் கீழே இறங்கியது. எட்டு வருடம் கொட்டை உடைத்த கை அது! ஷர்லி அப்படியே மடிந்து விழுந்தாள்.

நடுவர் எண்ணத் தொடங்கினார். எதிராளி விழுந்தால் நிற்பவர் தன் கோட்டுக்குப் போய், முதுகைக் காட்டி மண்டியிட்டு, வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. செவந்தி மண்டியிட்டார். பத்து எண்ணி முடித்தால் சண்டை முடிந்தது, பெல்ட் கைக்கு வந்தது.

நான்கு. ஐந்து. காத்தாயி பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டார். ஆறு. பின்னால் ஷர்லி மூச்சுக்குத் திணறும் சத்தம். ஏழு.

"ஓஸ்!"

சொன்னது செவந்தி. சுவரைப் பார்த்தபடி, அடிவயிற்றிலிருந்து. மண்டபம் திகைத்தது. எட்டு. தரையிலிருந்து மெல்ல ஒரு "ஓஸ்" வந்தது. ஒன்பதில் ஷர்லி எழுந்து நின்றுவிட்டாள்!

மீதி இருபத்தொன்பது வினாடி. அதில் செவந்தி வாங்கியது பதினொரு குத்து, நான்கு உதை. நான்காவது உதையில் ஒரு கால் மடங்கியது. முட்டி தரையைத் தொடவில்லை. நான் மணி அடித்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

பெண்கள் போட்ட கூச்சலை வெளியூரிலிருந்து வந்த தலைமைத் தேர்வாளர் கையை உயர்த்தி நிறுத்தினார். எண்ணும்போது பேசியது விதிமீறல். தலைமையகத்துக்கு எழுதித்தான் முடிவு சொல்ல முடியும் என்றார்.

பிராங்க்ளின் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் மூனே எண்ணிக்கைக்கா! முந்திரிக்கொட்ட மாதிரி முந்திக்கிட்டு வாயத் தொறந்துட்டீங்களே!"

"எட்டு வருசமா வாசக்கதவுக்குச் சொல்லிட்டேன் மாஸ்டர். விழுந்து கெடக்குற புள்ளைக்குச் சொல்லக் கூடாதா?"

விலாவைப் பிடித்தபடி ஷர்லி தேர்வாளர் முன்னால் போய் நின்றாள். "சார், அதக் கேட்டுத்தான் எந்திரிச்சேன். இல்லேன்னா படுத்தே கெடந்திருப்பேன். இதயும் எழுதிக்கங்க." பிறகு செவந்தியின் பக்கம் திரும்பி, "ஆனா அக்கா, ஒங்க கை கையா, கடப்பாரையா?" என்றாள்.

முதல் கடிதம் 06.02.2025 அன்று வந்தது. ஏன் பேசினீர்கள் என்று எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். செவந்தி தன் கையால் எழுதினார்: "நான் பேசவில்லை. வணக்கம் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு மூச்சு வரவில்லை. தள்ளு, தாங்கு என்றுதான் அதற்குப் பொருள் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு எப்போது சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை."

அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு மாதம் தகவலே இல்லை. செவந்திக்கு நாற்பது முடியும் மார்ச் பதினான்கு நெருங்கிக்கொண்டிருந்தது. செவந்தி வழக்கம்போல் வந்து, கதவுக்கு ஓஸ் சொல்லி, கிடங்கைப் பெருக்கி, பயிற்சி செய்துவிட்டுப் போனார்.

இரண்டாவது கடிதத்தைத் தபால்காரர் ஷெட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார். செவந்தி விரலிலிருந்த எண்ணெயைத் துடைப்பதற்குள், காத்தாயி தன் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பிரித்து உரக்கப் படித்தார். எண்ணும்போது குரல் கொடுத்தது தவறு, பத்துச் சண்டையும் செல்லும், கறுப்பு பெல்ட் வழங்கப்படுகிறது, தவறுக்கு அபராதமாக ஒரு மாதம் பயிற்சிக் கூடத்தைப் பெருக்க வேண்டும் என்று இருந்தது.

"அதத்தான எட்டு வருசமா செய்யிறா!" என்று காத்தாயி கத்தினார். பதினோரு பேரும் கறுத்த முஷ்டிகளைக் குறுக்கே வைத்து, தப்பும் தவறுமாகக் குனிந்து, ஒரே குரலில் ஓஸ் என்றார்கள். செவந்தி எழுந்து நின்று பதில் சொன்னார்.

கடிதம் வந்து சேர்ந்த நாள்: 07.03.2025, வெள்ளிக்கிழமை.