மணல்மேடு போன திசை

லேக் கார்டன்ஸில் வளர்ந்த பத்மஜாவுக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். இரண்டையும்விட எண்கள் சரளம். ஹூக்ளி ஆற்றின் ஆழத்தை ஆராயும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. கப்பலுக்கு வழி மறிக்கும் மணல்மேடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். 1998இல் அந்த மேடு அவளைப் படாதபாடு படுத்தியது.

அக்டோபரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை என்று ஆற்றடியைக் கட்டம் கட்டமாக அளந்திருந்தார்கள். இரண்டு கோப்புகளையும் புது மென்பொருளில் ஏற்றினாள். கிராஸ் ஸ்பெக்ட்ரம் என்று பெயர்தான் மிரட்டும். மேடுபள்ளங்களைச் சிறிதும் பெரிதுமான அலைகளாகப் பிரித்து, அக்டோபர் அலையிலிருந்து மார்ச் அலை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். மேடு ஆற்றை எதிர்த்து வடக்கே ஏறுகிறது என்று விடை வந்தது.

"மணல் மேல ஏறறதா? எங்கேயாவது பிளஸ், மைனஸை மாத்திப் போட்டிருப்பே" என்றார் தலைமைப் பொறியாளர் ஸ்ரீனிவாசராகவன்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு வரைபடத்தைத் தானே சில கட்டங்கள் நகர்த்தி, அசலோடு ஒப்பிட்டு ஓட்டிக் காட்டினாள். நகர்த்திய திசையையே மென்பொருள் சொன்னது. மனுஷர் தூர்வாரும் கப்பலை மேட்டின் வடக்கே அனுப்பக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை கப்பல் கிளம்பும், இவள் சொல்லை நம்பி.

ஜெயித்த இடத்தைக் கண்ணால் பார்க்க ஆசை வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆழம் அளக்கப் போகும் லாஞ்ச் படகில் அவளை ஏற்றியதில்லை. லேடீஸுக்கு வசதி கிடையாது என்பது அலுவலகத்தின் பழைய பல்லவி. இந்த முறை ஒற்றைக்காலில் நின்று ஏறிவிட்டாள்.

லாஞ்ச் மேட்டைத் தாண்டித் தெற்குக் கோடிக்குப் போய் நின்றது. சர்வேயர் முகமது இஸ்மாயில் கீழக்கரைக்காரர். முதல் வரிசையை அங்கிருந்தே அளக்கத் தொடங்கினார்.

"இங்கேர்ந்தா ஆரம்பிப்பீங்க?"

"எப்பவும் இங்கேருந்துதான் மேடம். ஜோயார் நேரத்துல கடல் தண்ணி உள்ள ஏறும்ல, அதோடயே நாமளும் வடக்கே போயிருவோம். இல்லேன்னா மேட்டுல தட்டிரும்."

பத்மஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கோப்பின் முதல் வரிசையை அவள் வடக்கு என்று எடுத்திருந்தாள். வரைபடத்தில் வடக்குதானே மேலே! இரண்டு கோப்பும் ஒரே மாதிரி தலைகீழாக இருந்ததால் கணக்கு முரண்டே பிடிக்கவில்லை. மேடு தெற்கே, கடலைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவமானத்தில் காது சுட்டது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கரையேறியதும் நேரே தலைமைப் பொறியாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

"அப்பவே சொன்னேனே, மைனஸ் தப்புன்னு."

"கணக்கு சரி சார். ஆத்தைப் பார்க்காம கணக்குப் போட்டேன், அது என் தப்பு. பார்க்க விடாதது உங்க தப்பு."

அவர் பேனாவை எடுத்தார். உத்தரவில் வடக்கு என்பதை அடித்துத் தெற்கு என்று எழுதினார். பிறகு, தலையைத் தூக்காமலே, "அடுத்த சர்வேக்கு நீ வேணும்னா லாஞ்ச்ல போய்க்கோ" என்றார்.

"கேக்க வரலை சார். போறேன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் பத்மஜா.