பொய் சொல்லத் தெரியாத தளபதி

"நான் அன்னிக்குக் கோட்டையிலேயே இல்லீங்க, துப்பறிவாளரே!" என்கிறார் தையற்கார அத்தை, வாயில் கவ்விய குண்டூசிகளை எடுக்காமலே. கழுத்தில் அளவு நாடா, தலையில் வெட்டி மிஞ்சிய நீலத் துணி. மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் அவர்தான் இப்போது முற்றுகையில் சிக்கிய கோட்டையின் தளபதி. இஸ்திரி மேசையில் சாய்ந்தபடி அவரைக் குடைந்து குடைந்து விசாரிப்பவள் மருமகள்.

அரசு வேலைத் தேர்வில் மருமகளை இரண்டு முறை காலை வாரியது வரலாற்றுத் தாள். படித்ததெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். பிறகுதான் அட்டைப்பெட்டியில் வரும் இந்தத் துப்பறியும் விளையாட்டை வாங்கினாள். பெட்டிக்கு ஒன்றாக, வரலாற்றில் நடந்த ஒரு பழைய வழக்கு. தானியக் கிடங்குக்குத் தீ வைத்தது யார், எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்தது யார் என்று விசாரித்தே கண்டுபிடிக்க வேண்டும். அத்தையின் மகனான அவள் கணவனுக்குக் கப்பலில் வேலை. வீட்டில் இவர்கள் இருவர்தான். ஆகவே ராஜா முதல் சமையற்காரி வரை எல்லா வேடமும் அத்தை தலையில்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர், இன்று ராஜாவோடு மல்லுக்கு நிற்கிறார். "சோத்துக்கே வழியில்லாதவன்கிட்ட உப்புக்கு வரி கேட்டா, கதவைத் தொறந்து விடாம என்னடி பண்ணுவான்?" சுரங்கப்பாதை வழக்கு சூடுபிடித்த நாளில் ஒரு சட்டைக்கு இரண்டு கைகளையும் இடக்கையாகவே வெட்டிவிட்டார். சட்டைக்குச் சொந்தக்காரர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "கோச்சுக்காதீங்க தம்பி, அன்னிக்கு எனக்கு விசாரணை" என்று சமாதானம் சொல்லி, தன் செலவில் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தார்.

ஒரே குறை, அவருக்குப் பொய் வராது. குற்றவாளியின் வேட அட்டை கைக்கு வந்துவிட்டால் வாய் எவ்வளவு சாதித்தாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும். மெஷின் பெடல் தடதடவென்று பறக்கும். மருமகள் இதைப் பற்றி அவரிடம் மூச்சு விட்டதில்லை. "எப்படிடி கண்டுபிடிச்ச?" என்று அத்தை ஒவ்வொரு முறையும் வாய் பிளப்பதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை.

இன்றும் தளபதி வசமாக மாட்டிக்கொள்கிறார். அட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கும் மருமகள் தலை நிமிரவில்லை. நாளை தேர்வு. இந்த முறை வரலாறு தண்ணீர்பட்ட பாடு. தேறிவிட்டால் வேலை எங்கோ தூரத்து ஊரில்.

"நான் போயிட்டா தனியா இருந்துப்பீங்களா அத்தை?"

"எனக்கென்னடி? உன் தொல்லை விட்டுச்சுன்னு நிம்மதியா தைச்சுக்கிட்டு இருப்பேன்."

பெடல் தடதடவென்று பறக்கிறது. ஊசிக்கு அடியில் துணியே இல்லை.