கஞ்சியில் விழுந்த உப்பு

மழைக்காலத்தில் அட்டை கடிப்பது தெரியவே தெரியாது. கணுக்காலில் ஏதோ குளிர்ச்சியாக ஒட்டியிருப்பதுபோல் இருக்கும், குனிந்து பார்த்தால் ரத்தம் குடித்து உப்பித் தொங்கும். பீர்மேட்டுத் தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் எல்லோரும் இடுப்பில் ஒரு துணி முடிச்சில் உப்பு வைத்திருப்பார்கள். அந்த முடிச்சை நனைத்து ஒற்றினால் போதும், அட்டை நெளிந்து, உடம்பிலுள்ள நீரையெல்லாம் கக்கிச் சுருண்டு விழும். ஒன்பது வயதில் உப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்: அது பட்டால் உயிருள்ளது வற்றிச் செத்துப்போகும்.

என் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். "லயம்" என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில் எங்களுக்கு ஓர் அறை. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். வெட்டுக்கத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் நடந்து வந்தால் அறை வாசல் சிறியதாகத் தெரியும்.

அந்த ஆடி மாதத்தில் லயத்துக்குள் வாந்திபேதி நுழைந்தது. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து "சீக்கு" என்று மட்டும் சொல்வார்கள். ஒரு நாள் விடிந்ததும் ஓடைப்பக்கம் போன அப்பா, சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். உச்சிப்பொழுதுக்குள் கண்கள் குழிந்து, கன்னம் ஒட்டி, விரல் நுனிகள் நாளெல்லாம் துணி துவைத்த கையைப்போலச் சுருங்கிவிட்டன. "தண்ணி, ஏளா, தண்ணி" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை.

எங்களை ஊரிலிருந்து அழைத்து வந்து வேலையில் சேர்த்த கங்காணி, குடையோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். லயத்தில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"ஏ பொன்னுத்தாயி, தண்ணி மட்டும் காட்டிராத. குடிக்கக் குடிக்கத்தான் போகும். நாளைக்குக் காலையில ஆளுகள அனுப்புதேன், கீழ ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரட்டும்."

அவர் கொடுமைக்காரர் அல்லர். பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். சீக்கு வந்தவர்களை ஒதுக்கிக் கிடத்தும் அந்த ஷெட்டுக்குப் போனவர் யாரும் நடந்து திரும்பியதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அம்மா குரலை உயர்த்தவில்லை. "எங்க அக்கா இதே சீக்குல தண்ணி தண்ணின்னு கேட்டே செத்தா, கங்காணியய்யா. நானும் கொடுக்காம பக்கத்துல உக்காந்திருந்தேன். இன்னொருக்க அப்படி உக்காரமாட்டேன்."

"லயத்த விட்டே போகச் சொல்லிருவேன்."

"அவுக எந்திரிச்சு நடக்கட்டும், போயிருதோம்."

அவர் போனதும் அம்மா அரிசியைக் குழைய வேகவைத்து, நீர்க்கக் கரைத்து, அதில் உப்பைப் போட்டாள். வெயிலில் வியர்த்துக் களைத்தவர்களை உப்புப்போட்ட கஞ்சி நிமிர்த்தி உட்காரவைப்பதை அவள் காட்டில் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவே. எனக்கோ பயம். இவ்வளவு சுருங்கிப்போன மனிதருக்கு, அட்டைக்கு வைக்கிற உப்பையா வைப்பது?

அவள் விறகெடுக்க வெளியே போன நேரத்தில் கஞ்சியைச் சாக்கடையில் கொட்டினேன். ஆறவைத்திருந்த வெந்நீரைச் செம்பு நிறைய அப்பாவின் வாயில் வைத்தேன். அவர் ஒரே மூச்சில் குடித்தார், இன்னொரு செம்பும் கேட்டார், அதையும் கொடுத்தேன். நான்தான் அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. கெண்டைக்கால் சதைகள் கல்லாக முடிச்சுப்போட்டுக்கொள்ள, அப்பா அலறிய அலறலில் அடுத்த அறைக் கதவுகள் சாத்திக்கொண்டன. ஓடிவந்த அம்மா காலிச் சட்டியையும் என் முகத்தையும் பார்த்தாள்.

"உப்பு போட்டா அப்பா அட்ட மாதிரி செத்துருவாகம்மா" என்று அழுதேன்.

அடி விழும் என்று நினைத்தேன். அவள் மறுபடியும் அரிசியை உலையில் போட்டு, உப்புக் கலந்து, என் கண்ணெதிரே ஒரு மடக்குக் குடித்தாள்.

"பாரு, நான் சுருங்குதேனா? ஏட்டி, உப்ப அள்ளிக் கொட்டினாத்தான் கொல்லும். இந்தா, நீயே கொடு. ஒரு மடக்கு, பொறவு பொறு. கக்கினா இன்னொரு மடக்கு."

அன்று இரவு முழுவதும் கொட்டாங்கச்சி அகப்பையால் கொடுத்தேன். அவர் கக்கினார், கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார், அம்மா தலையைப் பிடித்துக்கொள்ள, கொடுத்தேன். மறுநாள் காலையில் கங்காணியின் ஆட்கள் தூளியோடு வந்தபோது அம்மா நிலைப்படியில் குறுக்காக உட்கார்ந்துகொண்டாள். "என்னையும் சேத்துத் தூக்குங்க" என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று பிற்பகல், சீக்கு கண்டபின் முதல்முறையாக, அப்பாவுக்குச் சிறுநீர் பிரிந்தது. அதைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்குப் பின் எந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை.

பிற்காலத்தில் நர்ஸ் வேலைக்குப் படித்தபோதுதான் எங்கள் அறையில் நடந்தது என்னவென்று விளங்கியது. உடம்பின் உயிரணு ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்திருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டும். எந்தப் பக்கம் உப்பு மிகுதியோ அந்தப் பக்கம் தாண்டும். அதைச் சவ்வூடு பரவல் என்கிறார்கள். அட்டைக்கு வெளியே உப்பு குவிந்ததால் அதன் நீர் வெளியேறியது. அப்பாவோ நீரோடு உப்பையும் இழந்திருந்தார். நான் ஊற்றிய வெறுந்தண்ணீர் மிச்சமிருந்த உப்பையும் நீர்க்கச்செய்து தசைகளை முறுக்கியது. அம்மாவின் அளவான உப்பும் அரிசிக் கஞ்சியிலிருந்து பிரிந்த சர்க்கரையும் குடலின் சுவரைக் கடந்து உள்ளே போக, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போய் ரத்தத்தில் தங்கியது.

அப்பா எழுந்து உட்கார்ந்த நாளில், கங்காணி குடையில்லாமல் மழையில் நனைந்துகொண்டு வந்தார். இந்த முறை வாசலுக்கு உள்ளே வந்தார். "எங்க ஆத்தாளுக்குச் சீக்கு. எம்புட்டு உப்பு போடணும், தாயி?" அம்மா பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் சட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தாள். அந்தக் கிழவி பிழைக்கவில்லை, நேரம் கடந்துவிட்டது. ஆனால் கேட்டதையெல்லாம் குடித்துவிட்டு, தாகம் தீர்ந்துதான் கண்ணை மூடினாள். எங்களை லயத்தைவிட்டுப் போகச் சொல்லும் பேச்சு பிறகு எழவே இல்லை.

இன்று குமுளிக் கடைவீதியில் அந்த உப்பைச் சர்க்கரையோடு கலந்து பொட்டலமாகவே தருகிறார்கள். குழந்தைக்கு வயிறு போனால் தாய்மார்கள் யாரையும் கேட்காமல் வாங்கிக் கரைக்கிறார்கள். என் பேத்தியிடம், "நோயாளிக்குத் தண்ணி காட்டாதே என்பார்கள்" என்று ஒருமுறை சொன்னேன். அவளுக்கு அந்தப் பேச்சே புரியவில்லை, ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். பழையன மறைந்துபோனதே என்று ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும். இது மறைந்ததில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.