நிர்வாகக் காரணம்

எங்கள் ஊர் ஸ்டேஷனுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தால் வணிகர் சங்கம் சால்வையோடு போய் நிற்கும். கடைவீதியில் வரவேற்பு ஃபிளக்ஸும் கட்டும். ஒரே வருடத்தில் மூன்று பேர் வந்து போன பிறகு ஃபிளக்ஸ் அடிப்பவரே ஒரு யோசனை சொன்னார். பெயருக்கும் படத்துக்கும் இடம் விட்டு ஒன்றே ஒன்று அடித்துவிடலாம், ஆள் மாறும்போது ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். யாரும் சிரிக்கவில்லை. கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். உரக்கடை வைத்திருப்பதால் நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். அன்று நான் மட்டும் கைதட்டவில்லை.

அந்த மூன்றாமவர் போனதுதான் காரணம். ஓடைப்பட்டிப் பக்கம் எனக்கு ஒரு திராட்சைத் தோட்டம் உண்டு. பக்கத்துத் தோட்டக்காரர் அதன் நடுவே லாரிக்குப் பாதை கேட்டார். முடியாது என்றேன். அடுத்த வாரம் காலையில் போய்ப் பார்த்தால், காய் பிடித்திருந்த ஒரு பந்தல் முழுக்கக் கொடிகளை அடியோடு அறுத்துப் போட்டிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த ஆளின் செல்வாக்கு தெரிந்தும் இன்ஸ்பெக்டர் வழக்குப் பதிவு செய்தார். பத்தே நாளில் அவருக்கு மாறுதல். ஏன் என்று ஸ்டேஷனில் கேட்டதற்கு, 'நிர்வாகக் காரணம்' என்று உத்தரவில் இருப்பதாகச் சொன்னார்கள்.

கோபத்தில் படிக்கத் தொடங்கினேன். மாநிலக் காவல்துறைத் தலைவரை நியமிப்பது, நீக்குவது பற்றிய சட்டத்தையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் உத்தமபாளையம் கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். நல்ல பெயருள்ள மூத்த அதிகாரிகளின் பட்டியலிலிருந்துதான் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு அசைக்கக் கூடாது. ஸ்டேஷன் பொறுப்பில் இருப்பவருக்கும் அதே கணக்குதான் என்கிறது தீர்ப்பு. ஆனால் பல மாநிலங்கள் சட்டம் எழுதும்போது 'நிர்வாக நலன்' என்று ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொள்கின்றன. அதில் யானையே நுழையும். சில இடங்களில் தலைவர் நாற்காலியிலேயே 'பொறுப்பு' அதிகாரியை உட்காரவைத்துக் காலம் ஓட்டுகிறார்கள். தலை இருக்க வால் ஆடக் கூடாது என்பார்கள். தலையையே ஆட்டிவைத்தால் வால் என்ன செய்யும்?

நாலாமவர் வந்த அன்று சங்கச் செயலாளர் கடைக்கு வந்தார்.

"மதினி, சால்வையை நீங்களே போடுங்க. அப்படியே அந்தக் கேஸையும் பேசி முடிச்சிரலாம்னு சொல்றாக."

"யாரு சொல்றாக?"

"எல்லாரும்தான். ஊரோட ஒத்துப் போங்க. போலீஸ்காரவுக இன்னைக்கு இருப்பாக, நாளைக்குப் போயிருவாக. பக்கத்துத் தோட்டக்காரரு இங்கனதான இருப்பாரு."

"நானும் இங்கனதான் இருக்கேன்" என்றேன். சால்வைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் வெள்ளைத்தாள் தயாராக இருந்தது.

"சமாதானமாப் போறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. எல்லாருக்கும் நல்லது."

நான் அடிக்கோடிட்டு வைத்திருந்த பிரிண்டை அவர்முன் வைத்தேன். ஒரு பக்கம் புரட்டினார்.

"இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதாம்மா?"

அதட்டல் இல்லை. அலுப்புதான் இருந்தது. ஊர் ஊராக வீடு மாற்றி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்றி வந்த அலுப்பு.

"சார், நீங்க இங்கன எத்தனை மாசம் இருப்பீக?"

"எனக்கே தெரியாதும்மா."

பாவமாகத்தான் இருந்தது. அதற்காக என் பந்தலை விட்டுக்கொடுக்க முடியாது. அவர் தந்த தாளிலேயே, 'புகாரைத் திரும்பப் பெற மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"நீங்க போனா அடுத்து வர்றவுககிட்டயும் இதையேதான் எழுதிக் குடுப்பேன். என்னைய இங்கன இருந்து மாத்த யாரும் ஆர்டர் போட முடியாது சார்."

அவர் தாளை எடுத்துப் படித்தார். பிறகு ரைட்டரைக் கூப்பிட்டு, கேஸ் கட்டில் சேர்க்கச் சொன்னார்.

போன வாரம் அவருக்கும் மாறுதல் வந்துவிட்டது. நிர்வாகக் காரணம்தான். ஐந்தாமவரைப் பார்க்க நாளைக் காலை போகிறேன்.