மீன்பெட்டி ஐஸ்

வெயில் ஏறினால் என் கால்கள் என் சொல் கேட்பதில்லை. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்று டொக்டர் சொன்னார். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துவிடுகிறதாம். சூடு பட்டால் மிச்சமிருப்பதும் மந்தமாகிவிடும். குளிர்ந்தால் திரும்பி வரும். அதனாலேயே சித்திரை மாதத்தில் கொழும்பின் வெள்ளவத்தை எனக்கு அருவருப்பு. கடற்காற்றுகூட, யாரோ வாயைத் திறந்து முகத்தில் ஊதுவதுபோல வெதுவெதுப்பாக வரும்.

அது கரண்ட் அடிக்கடி நின்ற காலம். மின்விசிறி ஓய்ந்ததும் மனைவி ஈரத்துவாயைப் பிழிந்து என் கழுத்தில் போடுவாள். சற்று நேரத்தில் அது சூடாகி, ஊறிப்போன அழுக்குத்துணிபோல நாறும். ஒரு நாள் காலை அந்த நாற்றம் பொறுக்காமல், சந்தைக்கு நானே போகிறேன் என்று வெளிக்கிட்டேன்.

"வெயிலுக்கை போகாதேங்கோ," என்றாள்.

"உடனை வந்திடுவன்."

மீன்கடைகளுக்கு முன்னால் வலது கால் இழுபட்டது. கண்ணுக்கு முன்னால் புகை படர்ந்தது. பிடிக்க எதுவும் இல்லை; அப்படியே நிலத்தில் விழுந்து இருந்துவிட்டேன். செதிலும் இரத்தமும் கலந்த தண்ணீர் காற்சட்டைக்குள் ஊறியது. வலது உள்ளங்கையில் ஏதோ குடல் ஒட்டிக்கொண்டது. உதற விரல்கள் விரியவில்லை.

"விடியவே குடிவெறி," என்றாள் ஒரு பெண், பையை ஒதுக்கிப் பிடித்தபடி.

"பாத்தா டீசன்ட்டான ஆள் மாதிரி இருக்கு," என்றான் இன்னொருவன்.

நரம்பு வருத்தக்காரன் என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு தடித்துக் குழறியது. அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. சிரித்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவர் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு குடையைத் தாழ்த்திக்கொண்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

பக்கத்தில் மீன்காரரின் பெட்டி இருந்தது. தலை வெட்டிய சூரைகளுக்கு மேல் உடைத்த ஐஸ். "அய்யே, ஐஸ் டிகக் தென்ன," என்று சிங்களத்தில் கொஞ்சம் ஐஸ் கேட்டேன்.

"ஐயாவுக்கு ஐஸும் வேணுமாம், கலந்து குடிக்க!" என்று யாரோ கத்தினான்.

மீன்காரர் முகத்தைச் சுளித்தார். அவர் பதில் சொல்லுமுன் இடது கையால் அள்ளிப் பிடரியில் வைத்தேன். இளஞ்சிவப்புத் தண்ணீர் சட்டைக்குள் வழிந்தது. ஒரு சொட்டு வாய்க்குள்ளும் போனது. துப்பினேன். மறுபடியும் அள்ளி அக்குளுக்குள் அமுக்கினேன். மெல்ல மெல்லப் புகை விலகி, கால் என்னுடையதானது. இந்த நாற்றத்தால்தான் எழும்பினேன் என்பது, விழுந்ததை விடக் கேவலமாக இருந்தது.

வீட்டில் சவர்க்காரம் தேயத் தேயக் குளித்தும் மணம் போகவில்லை. பின்னேரம் மேல்மாடிக்காரர் வந்தார். நான் அறைக்குள் கிடந்தேன்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. காலமை இவரைச் சந்தையில கண்டனான். பகலிலையே இப்பிடிக் குடிச்சால்..."

"அவருக்கு நரம்பு வருத்தம். வெயிலுக்கு விழுந்தவர்," என்றாள் மனைவி. "கண்டனீங்கள் எண்டால் ஏன் தூக்கிவிடேல்லை?"

"நாலு பேர் நிண்டவை, பிள்ளை..."

அவள் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் அவர் ஒரு குலை தெம்பிலி இளநீர் கொடுத்தனுப்பினார், சூட்டுக்கு நல்லதாம். மனைவி திருப்பி அனுப்பப் பார்த்தாள். கரண்ட் நின்றிருந்தது, கால்கள் மரத்துக்கொண்டு வந்தன. "வெட்டும்," என்றேன். அவரை நினைத்துக் குமட்டியபடியே கடைசித் துளிவரை குடித்தேன்.