கண்டெடுத்த நாள்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், செருமனியில், டோர்ட்மண்டுக்குக் கிழக்கே ஓர் உழவரின் சோள வயலில் உலோகங்காணிக் கருவி கொண்டு பழம்பொருள் தேட எனக்கும் அடுத்த தெருவில் குடியிருந்த நண்பருக்கும் இசைவு கிடைத்தது. அறுவடை முடிந்து கோதுமை விதைக்கும்வரை, இரண்டு கிழமைகள், பதினான்கு நாள், மட்டுமே. மண் காய்ந்துவிட்டால் ஆழத்திலுள்ள பொருளைக் கருவி உணராது; சேறானால் கால்வைக்க இயலாது. நல்ல மழை பெய்து இருநாள் கழிந்த மண்ணே உகந்தது. யாழ்ப்பாணத்தில் புவியியல் கற்பித்தவன் என்பதால் அந்நாளைக் கணிப்பது என் பொறுப்பு. செருமானிய மொழியில் எழுதவேண்டிய தாள்கள் யாவும் அவர் பொறுப்பு. தேடுதற்கான உரிமச் சீட்டுக்கு எனக்காக விண்ணப்பம் எழுதியவரும் அவரே.

முந்திய இளவேனிலில் வேறொரு வயலில் அவருக்கு ஒரு பழைய வெள்ளி நாணயம் அகப்படும்வரை இப்பங்கீடு இனிதே நடந்தது. நாணயம் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் சென்றது. அருகே ஓர் அட்டையில் அவர் பெயர். மூன்று முறை சென்று பார்த்தேன், நாணயத்தையன்று, அட்டையை. நாள் குறித்தவன் நான், பெயர் அவருக்கா என்று நெஞ்சு எரிந்தது.

முதற்கிழமை முழுதும் வெயில். பலகணியில் ஒரு குவளையை வைத்து மழைக்குக் காத்திருந்தேன். மாலைதோறும் அவர் தொலைபேசியில் அழைப்பார்.

"என்ன மாஸ்டர், மழைக்குத் தந்தி அடிச்சிட்டியளோ?"

"பொறும் தம்பி. மேகம் இன்னும் பதில் போடேல்லை."

இரண்டாங்கிழமை செவ்வாயன்று மழை கொட்டியது. வியாழன் மண் பதமாகும் என்று தெளிவாக அறிந்தேன். புதன் மாலை அவர் கேட்டார்: "நாளைக்கு லீவு போடட்டோ மாஸ்டர்?"

"வேண்டாம் தம்பி. ஒரே சேறு. சனிக்கிழமை பாப்பம்."

"ஓம், நீங்கள் சொன்னாச் சரிதானே."

வியாழனன்று தனியே சென்றேன். நண்பகலுக்கு முன்பே, பசுங்களிம்பு படர்ந்த பண்டைக்கால வெண்கல ஆடையூசியொன்று கிடைத்தது. பேழையும் அட்டையும் என் பெயரும் கண்முன் நின்றன. வீடு திரும்பி, தொல்பொருள் அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய படிவத்தை விரித்தேன். 'கண்டெடுத்த நாள்' என்றொரு கட்டம். அப்படிவத்தை எனக்கு நிரப்பித் தரக்கூடியவர் உலகில் ஒருவரே. ஊசியை மீண்டும் புதைத்துச் சனிக்கிழமை அவர் முன்னிலையில் எடுத்தாலென்ன என்றுகூட எண்ணினேன். அந்த எண்ணம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளியன்று அவர் வீட்டுக்குப் படிவத்துடன் போனேன். ஊசியைக் கையில் ஏந்தி மகிழ்ந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எண்டைக்கு எடுத்தனீங்கள்?"

"நேற்று."

பேனா நின்றது. "சேறு எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"சேறு இல்லைத் தம்பி. அந்த அட்டையில உம்மட பேரைப் பாக்கப் பொறுக்கேல்லை."

"உங்களுக்கும் பேர் வேணுமெண்டு கேட்டிருந்தா நான் வரப்பில கண்ணை மூடிக்கொண்டு நிண்டிருப்பனே, மாஸ்டர்!" என்றவர், வியாழன் தேதியை அழகிய கையெழுத்தில் எழுதினார். "நாளைக்கும் போவம். ஆனா மண்ணை நான் பாக்கிறன். நீங்கள் சும்மா வாங்கோ."

மறுநாள் வயலோரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்து, "இன்னும் பதம் போகேல்லை" என்றார். சரியாகவே சொன்னார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.