மாமாவின் மூக்குக்கு நான் சொன்ன விளக்கம்

அந்த மஞ்சள் மாத்திரை சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அரிப்புக்காக கிளினிக்கில் அம்மாவுக்குக் கொடுத்தது. மலேசியாவில் ஈஜோக் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்குக் கிடைத்த மருந்து லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் சொந்தம். பள்ளி வேன் ஓட்டும் மாமாவுக்கு விடிந்தால் தும்மல். மூக்கு அடைத்து வாயால்தான் மூச்சு. ஒருநாள் காலை வேனை எடுக்குமுன் அம்மா பொட்டலத்தைக் கொடுக்க, இது என்ன செய்யும் என்று மாமா அதை என்னிடம் நீட்டினார். வீட்டில் ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்புவரை போன முதல் ஆள் நான்.

பாடத்தில் படித்ததைப் பெருமையாக எடுத்துவிட்டேன். தூசி பட்டால் உடம்பு ஹிஸ்டமினை வெளிவிடும். அது மூக்கின் உள்தோலில் போய் ஒட்ட, ரத்தக் குழாய் விரிந்து, தோல் வீங்கி, நீர் கொட்டும். மாத்திரை அந்த இடத்தில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும், வீக்கம் வற்றும் என்றேன். பொட்டலத்தில் மலாய் மொழியில் இருந்த கடைசி வரியை நான் படிக்கவில்லை. "டாக்டரு சொன்னாகூட இவ்ளோ புரியாதுலா," என்று மாமா இரண்டை விழுங்கினார்.

வேனில் மாமா பக்கத்து சீட்டில் நான், பின்னால் பதினோரு பிள்ளைகள். அவர் தும்மலை எண்ணுவதுதான் அவர்களுக்கு விளையாட்டு. "இன்னிக்கு மாமா ஸ்டார்ட்டே ஆவல," என்று ஒரு வாண்டு கிண்டலடித்தது. நானும் சிரித்தேன். கால்வாயோரச் சாலையில் திரும்பிப் பார்த்தபோது மாமாவின் தாடை நெஞ்சில் கிடந்தது. இடது சக்கரங்கள் புல்லில் ஓடின. கத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தேன். அவர் விழித்து பிரேக்கை மிதித்தபோது என் ஜன்னலுக்குக் கீழே தரை இல்லை, தண்ணீர் தெரிந்தது. விளையாட்டு என்று நினைத்துப் பின்னால் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிள்ளைகளை அங்கேயே சாலையோரம் இறக்கிய பிறகு மாமாவின் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்தேன். கடைசி வரி: தூக்கம் வரும், வாகனம் ஓட்டக் கூடாது. மறைத்திருக்கலாம், படித்துக் காட்டினேன். அவர் திட்டவில்லை. "நீ முழுசா படிச்சிட்டுத்தான் சொன்னேனு நெனச்சேன்," என்றார். வேறு வேனுக்குப் போன் போட்டுவிட்டு, சாவியை என் கையில் வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார்.

மூளையை விழிப்பாக வைப்பதும் அதே ஹிஸ்டமின்தான் என்று பிறகுதான் படித்தேன். அந்தப் பழைய வகை மாத்திரை மூக்கோடு நிற்காமல் அங்கேயும் போய் உட்காரும். இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். மருந்து கேட்டு வருபவரிடம் முதலில் என்ன வண்டி ஓட்டுகிறார் என்றுதான் கேட்கிறேன். மாமாவுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே. வீக்கம் வற்ற நாளாகும், ஆனால் தூக்கம் தராது. இன்றும் அவர் வேனில் ஏறினால் சாலையைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன். எப்போதாவது அவர் தும்மிவிட்டால் எனக்கு மூச்சு வருகிறது.